கோதுமையும் துருநோயும்

உலக மக்களின் அன்றாட உணவாய் அமைந்த தானியங்களுள் நெல்லும் கோதுமையும் தலைமை வாய்ந்தவை. நெற்சோற்றையே பெரிதும் உண்டு வளரும் நம்மவர்க்குக் கோதுமையின் இன்ப துன்பங்கள் அயலூர்ச் செய்திபோலத் தோன்றுதல் இயல்பே. ஆயினும், அப்பயிரைப் பன்னூற்றாண்டுகளாக வருத்திவரும் துருநோயின் வரலாற்றை ஆராய்வோர்க்கு இரண்டு உண்மைகள் புலனாகும். ஒன்று, மத்திய இந்தியாவின் கோதுமை வயல்களை அழிக்கும் நோயின் வித்து நம் நீலகிரி, பழனி மலைகளினின்றும் புறப்படுகின்றது என்பது. மற்றொன்று, நோயை எதிர்க்கும் ஆற்றலானது ஒருமுறை ஈட்டிப் பெட்டியிற் பூட்டிவைக்கத்தக்க பொருளன்று. இடையறாது காத்துப் புதுக்கவேண்டிய பொருள் என்பது. இவ்விரண்டையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துருநோய் நேற்றுத் தோன்றியதன்று. பண்டை ரோமர்கள் இதனை ஒரு தெய்வத்தின் சினமென்று கருதினர். ரோபிகஸ் என்னும் அத்தெய்வத்திற்கு ஆண்டுதோறும் ஏப்ரல் மாதம் 25-ஆம் நாள் விழா எடுத்து, நாயைப் பலியிட்டு, விளைச்சலைக் காத்தருளுமாறு வேண்டினர். சாலொமோன் ராஜா தேவாலயப் பிரதிஷ்டையின்போது செய்த ஜெபத்திலும், பஞ்சம், கொள்ளைநோய் ஆகியவற்றோடு பயிர்களுக்கு வரும் நோய்களும் சேர்த்து எண்ணப்பட்டுள்ளன. உழவனுடைய அச்சம் எக்காலத்தும் எந்நாட்டும் ஒரு தன்மையதே.

இந்நோயை உண்டாக்குவது பூசண வகையைச் சேர்ந்த ஒரு நுண்ணுயிர். அது பற்றிய செடியின்மீது இரும்பிற் படியும் துருவைப் போன்ற தூள் தோன்றுதலால் இப்பெயர் பெற்றது. கோதுமையைத் தாக்கும் துருக்கள் மூன்று. தண்டிலும் இலையுறையிலும் செங்கொப்புளங்களாய்த் தோன்றி, முடிவிற் கருநிறமாவது கருந்துரு அல்லது தண்டுத்துரு. இலையின்மேல் ஆங்காங்குச் சிதறிக் காண்பது பழுப்புத்துரு. இலை நரம்புகளை ஒட்டி மஞ்சட் கோடுகளாக வரிசைப்படுவது மஞ்சட்டுரு. மஞ்சட்டுரு குளிரை விரும்பும்; கருந்துரு வெப்பத்தை விரும்பும்; பழுப்புத்துரு இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. மூன்றனுள்ளும் கொடியது கருந்துருவே. அறுவடைக்கு மூன்று வாரம் இருக்கும்போது செழித்து நின்ற வயல், கதிர் முற்றுமுன் தண்டு முறிந்து, மணி சுருங்கிப் பதராய்ப் போதலுண்டு.

இத்துருக்கள் உயிருள்ள செடியிலன்றி வளரமாட்டா. செடியின் உயிரணுக்களினின்றும் உணவை உறிஞ்சி, சில நாட்களிற் கொப்புளமாக வெடித்து, கண்ணுக்குப் புலனாகாத நுண்வித்துக்களை ஆயிரக்கணக்கில் வெளிவிடுகின்றன. காற்று அவற்றை அடுத்த செடிக்கும், அடுத்த ஊர்க்கும், சிற்சில வேளைகளில் கடலுக்கு அப்பாலும் கொண்டு செல்லும். ஈரம் படிந்த இலைமேல் வீழ்ந்த நுண்வித்து முளைத்து, மீண்டும் கொப்புளமாதற்கு ஏறத்தாழ ஒன்றிரண்டு வாரங்களே வேண்டும். இவ்வாறு ஒரு பருவத்துள் பல தலைமுறைகள் பெருகுதலால், தையில் ஓர் இலையிற் கண்ட புள்ளி மாசியில் ஒரு நாட்டின் நோயாகின்றது.

இனி, கோதுமை இல்லாத காலத்தில் இந்நோய் எங்கே உறைகின்றது? ஜெர்மானியத் தாவர நூலறிஞர் அந்தோன் டி பாரி என்பார், கருந்துரு தன் வாழ்க்கையின் ஒரு பகுதியைப் பார்பெரி என்னும் முட்செடியிற் கழிக்கின்றது என்பதை 1865-இல் நிறுவினார். அமெரிக்காவில் 1916-ஆம் ஆண்டு பெருநோய் வந்து விளைச்சல் பாழானபின், 1918 முதல் அந்நாட்டார் பார்பெரிப் புதர்களை வேரோடு களையும் பேரியக்கம் ஒன்றைத் தொடங்கினர். அஃது அங்கே பெரும்பயன் அளித்தது.

இந்தியாவிலோ நிலைமை வேறு. இமயமலைச் சாரலிற் பார்பெரி இருந்தும், அதற்கும் நம் வயல்களின் நோய்க்கும் தொடர்பில்லை எனக் காட்டியவர் ஆக்ராக் கல்லூரியில் தாவர நூல் கற்பித்த பேராசிரியர் கரம் சந்த் மேத்தா ஆவார். வட நாட்டுச் சமவெளியில் வைகாசி, ஆனி மாதங்களின் வெயில் நுண்வித்துக்களைக் கொன்றுவிடுகின்றது. அங்ஙனமாயின் அடுத்த கார்த்திகையில் விதைத்த பயிர்க்கு நோய் எங்கிருந்து வருகின்றது? மேத்தா பல்லாண்டு மலைகளிலும் சமவெளிகளிலும் அலைந்து, செடிகளைச் சோதித்து, காற்றிற் பறக்கும் நுண்வித்துக்களைப் பிடித்து எண்ணி, விடை கண்டார். கோடையிலும் தட்பம் மாறாத மலைகளில், பருவந்தப்பிப் பயிரிடும் கோதுமையிலும், அறுவடையில் உதிர்ந்து தாமே முளைத்த செடிகளிலும் துரு உயிர்பிழைத்திருக்கின்றது. வடக்கே இமயமலையும், தெற்கே நீலகிரியும் பழனி மலையும் அதன் உறைவிடங்கள். 1940-இல் அவர் இம்முடிவுகளை விரிவாக வெளியிட்டார். பின்னர் 1970-களில் ஜோஷி, நாகராஜன் முதலிய அறிஞர்கள், வங்கக் கடலில் எழும் புயலின் காற்று நீலகிரியின் நுண்வித்துக்களைச் சுமந்து சென்று மத்திய இந்தியாவில் மழையோடு இறக்குதலை வானிலைப் படங்களின் துணையால் விளக்கினர். நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழையைத் தரும் காற்றே நர்மதை வெளிக்கு நோயையும் கொண்டு செல்கின்றது.

நோயின் வழி அறிந்தபின் அதனைத் தடுக்கும் வழி யாது? துருவைக் கொல்லும் மருந்துகள் இந்நாளில் உண்டு. ஆனால் அவற்றை உரிய காலத்தில் தெளித்தல் வேண்டும். அதற்குப் பணமும் கருவியும் முன்னறிவிப்பும் வேண்டும். சிறு நிலம் உடைய ஏழை உழவனுக்கு இவை எளிதில் வாய்ப்பனவல்ல. எதிர்ப்பாற்றல் விதைக்குள்ளேயே அமைந்துவிடுமாயின், அவன் தனியே யாதொரு செலவும் செய்யவேண்டுவதில்லை. விதையோடு காவலும் அவன் வயலுக்குள் வந்துவிடுகின்றது. ஆதலின் நோயெதிர்க்கும் வகைகளை உண்டாக்குதலே சிறந்த வழியென அறிஞர்கள் துணிந்தனர்.

இத்துணிவுக்கு அடிப்படை இட்டவர் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோலண்ட் பிஃபன் ஆவார். மெண்டல் பாதிரியார் பட்டாணியிற் கண்ட பரம்பரை விதிகள் 1900-இல் மீண்டும் வெளிப்பட்ட சில ஆண்டுகளுக்குள், பிஃபன் மஞ்சட்டுருவை எதிர்க்கும் கோதுமையையும் அதற்கு எளிதில் இரையாகும் கோதுமையையும் கலந்து பார்த்தார். கலப்பின் முதற் சந்ததி முழுவதும் நோயுற்றது. இரண்டாம் சந்ததியிலோ ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நோயற்று நின்றது. எனவே, நோயெதிர்ப்பு என்பது மண்ணின் தயவுமன்று, தற்செயலுமன்று. நிறமும் உயரமும் போலப் பெற்றோரிடமிருந்து மக்களுக்கு இறங்கும் ஒரு பண்பு என்பது தெளிவாயிற்று. 1905-இல் அவர் இதனை வெளியிட்டார். இப்பண்பைத் தாங்கும் பரம்பரைக் கூறுகளையே ஜீன்கள் என்கிறோம்.

கலப்புச் செய்யும் முறை எளிது, பொறுமைதான் அரிது. கோதுமைப் பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறும் இயல்பினது. ஆதலால், மகரந்தப் பைகள் முதிருமுன் அவற்றைச் சிறு இடுக்கியால் ஒவ்வொன்றாக நீக்கி, கதிரைக் காகித உறையால் மூடவேண்டும். இரண்டு மூன்று நாள் கழித்து, வேண்டிய தந்தைச்செடியின் மகரந்தத்தை அதன்மேல் தூவவேண்டும். அவ்வாறு கிடைத்த சில மணிகளை விதைத்து, அவற்றின் சந்ததிகளை ஆண்டுதோறும் நோயின் நடுவில் வளர்த்துப் பொறுக்குதல் வேண்டும். நோய் தானாக வரட்டும் என்று காத்திருப்பதில்லை. எளிதில் நோயுறும் வகையை வயலின் ஓரங்களிலும் இடையிடையேயும் நட்டு, நுண்வித்துக் கலந்த நீரைத் தெளித்து, நோயை வேண்டுமென்றே வருவிப்பர். அதில் வீழ்ந்தன வீழ, நின்றவற்றுள் மணியும் மாவும் நல்லனவற்றை மட்டும் எடுத்துக்கொள்வர். கலப்பிலிருந்து உழவன் கைக்கு விதை செல்லப் பத்தாண்டுகள் ஆதல் வழக்கம். நம் நாட்டில் பெஞ்சமின் பியரி பால் என்னும் அறிஞரும் அவருடைய துணைவர்களும் இவ்வாறு உழைத்து, மூன்று துருக்களையும் எதிர்க்கும் என். பி. 809 என்னும் வகையை 1954-இல் வெளியிட்டனர்.

இவ்வளவில் வரலாறு முடிந்திருக்குமாயின் நன்றாயிருக்கும். ஆனால் துருவும் உயிருள்ள பொருளே, அதுவும் மாறுகின்றது. அமெரிக்காவில் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்து எல்வின் ஸ்டாக்மன் என்பார், கருந்துரு என ஒரே பெயரால் வழங்குவதினுள் வெவ்வேறு குலங்கள் அடங்கியிருத்தலைக் கண்டார். பார்வைக்கு அவை ஒன்றே. ஆயினும் ஒரு குலத்தால் வீழ்த்தப்படும் கோதுமை மற்றொரு குலத்தை எதிர்த்து நிற்கும். இக்குலங்களைப் பிரித்தறிய அவரும் அவருடைய துணைவர்களும் பன்னிரண்டு கோதுமை வகைகளை உரைகல்லாக வைத்துக்கொண்டனர். அப்பன்னிரண்டனுள் ஒன்று இந்தியாவின் கப்லிக் கோதுமை என்பது நாம் மகிழத்தக்க செய்தி. தென்னிந்தியாவிற் சம்பாக் கோதுமை என வழங்குவதும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

இதன் உட்பொருளை விளக்கியவர் வடக்கு டகோட்டாவில் ஆளிச்செடியின் துருவை ஆராய்ந்த ஹெரல்ட் ஃப்ளோர் ஆவார். செடியில் எதிர்ப்பைத் தரும் ஒவ்வொரு ஜீனுக்கும் நேராக, துருவினிடத்தும் ஒரு ஜீன் உண்டு என்று அவர் 1940-களிற் காட்டினார். துருவின் இழை இலைக்குள் நுழைந்து உயிரணுவைத் தொட்டவுடன், செடியின் ஜீன் பகைவனை அடையாளம் கண்டுகொள்கின்றது. உடனே அவ்வுயிரணுவும் அதைச் சூழ்ந்த சிலவும் தாமே மடிகின்றன. உயிருள்ள பொருளையன்றி உண்ணாத துரு அங்கே பட்டினியால் இறக்கின்றது. சில உயிரணுக்களின் சாவால் செடி முழுவதும் பிழைக்கின்றது. ஆனால் துருவின் ஜீன் சிறிது மாறி அந்த அடையாளம் மறைந்துவிடின், வாயிற்காவலன் பகைவனை நண்பனென்று உள்ளே விட்டுவிடுகின்றான்.

கோடானுகோடி நுண்வித்துக்களுள் ஒன்றில் இம்மாறுதல் நிகழ்ந்தாற் போதும். நாடு முழுவதும் ஒரே காவலனை நம்பிய ஒரே வகைக் கோதுமை விதைக்கப்பட்டிருப்பின், அந்த ஒரு நுண்வித்திற்கு எதிரே திறந்த வயலே விரிந்து கிடக்கின்றது. இதற்குச் சான்றுகள் பல. வட அமெரிக்காவில் 15-பி என்னும் குலம் 1950-இற் பரவி, 1953, 1954 ஆகிய ஆண்டுகளில் அதுகாறும் வலியனவாயிருந்த வகைகளைப் பாழாக்கியது. நம் நாட்டில் 1967-இல் வெளிவந்த கல்யாண் சோனா என்னும் குட்டைக் கோதுமை, பஞ்சத்தைத் துரத்திய பெருமை உடையதாயினும், 1970-களிற் பழுப்புத்துருவுக்கு இரையாயிற்று. 1990-களின் நடுவில் வந்த பி. பி. டபிள்யூ. 343 என்னும் வகை வடமேற்குச் சமவெளியிற் பல இலட்சம் ஏக்கரில் பரவி நின்றது. சில ஆண்டுகளில் மஞ்சட்டுருவின் புதிய குலம் ஒன்று அதன் காவலைக் கடந்துவிட்டது.

எல்லாவற்றினும் பெரிய எச்சரிக்கை கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. ரை என்னும் தானியத்தினின்றும் கோதுமைக்குள் கொண்டுவரப்பட்ட எஸ். ஆர். 31 என்னும் ஜீன், கருந்துருவை அடியோடு அடக்கியதென உலகம் நம்பியிருந்தது. பல நாடுகளின் கோதுமைகளில் அது புகுத்தப்பட்டிருந்தது. 1998-இல் உகாண்டா நாட்டு வயலொன்றில் அந்த ஜீனை உடைய செடிகளிலேயே கருந்துரு காணப்பட்டது. 1999-இல் அதன் தன்மை உறுதியானமையால் அதற்கு யூ. ஜி. 99 என்று பெயரிட்டனர். அது கென்யா, எத்தியோப்பியா வழியாகச் சென்று, 2006-இல் ஏமன் நாட்டிலும் 2007-இல் ஈரானிலும் காணப்பட்டது. கோதுமை நூலிற் பேரறிஞரான நார்மன் போர்லாக் தம் தொண்ணூற்றொன்றாம் வயதில், 2005-இல், உலகத்தாரை விழித்தெழுமாறு அழைத்தார். அன்றுமுதல் கென்யாவின் இஞ்ஜோரோ என்னும் ஊர் வயலில் உலகின் பற்பல நாட்டுக் கோதுமைகள் அப்பகைவன் முன்னிலையிலேயே சோதிக்கப்பட்டு வருகின்றன.

எத்தியோப்பியாவின் பட்டறிவு இன்னும் உருக்கமானது. 2010-இல் அந்நாட்டில் மஞ்சட்டுரு பெருநாசம் விளைத்தது. அதனை எதிர்த்த டிகலு என்னும் வகையை உழவர்கள் ஆவலோடு ஏற்றுப் பரவலாக விதைத்தனர். மூன்றே ஆண்டுகளில், 2013-இல், யூ. ஜி. 99-இன் வழித்தோன்றலல்லாத வேறொரு கருந்துருக் குலம் வந்து அந்த டிகலுவையே அழித்தது. ஒரு பகையினின்றும் தப்பி ஓடியவர்கள் ஒரே திசையில் ஓடினமையால் மற்றொரு பகையின் கையில் அகப்பட்டனர்.

அங்ஙனமாயின் நிலைத்த காவல் என்பதே இல்லையோ எனின், உண்டு. ஆனால் அதன் இயல்பு நாம் எதிர்பார்ப்பதற்கு மாறானது. தென் டகோட்டாவில் எட்கர் மக்ஃபேடன் என்பார், நோய் மிகுந்த 1916-ஆம் ஆண்டில், யாரோஸ்லாவ் என்னும் எம்மர்க் கோதுமையை மார்க்குவிஸ் என்னும் ரொட்டிக் கோதுமையோடு கலந்தார். எம்மர் என்பது நம் சம்பாக் கோதுமையின் இனம். அக்கலப்பின் வழியில் வந்த வகைக்கு அவர் நம்பிக்கை எனப் பொருள்படும் ஹோப் என்னும் பெயரிட்டார். அதிலிருந்து கிடைத்த எஸ். ஆர். 2 என்னும் ஜீன் இன்றளவும் பயன் தருகின்றது. அது பகைவனை வாயிலிலேயே கொல்வதில்லை. இளஞ்செடியில் அதன் ஆற்றல் விளங்குவதுமில்லை. வளர்ந்த செடியில் நோயைத் தாமதப்படுத்துகின்றது, கொப்புளங்களைச் சிறியனவாக்குகின்றது, அவ்வளவே. எல். ஆர். 34 என்னும் மற்றொரு ஜீனும் அத்தகையது. மூன்று துருக்களையும் சாம்பல் நோயையும் அது ஒருசேரத் தளரச் செய்கின்றது. 2009-இல் அதன் அமைப்பைப் பிரித்தறிந்தபோது, அஃது உயிரணுக்களினூடே பொருள்களைக் கடத்தும் ஒரு புரதத்தை உண்டாக்குவது எனத் தெரிந்தது.

இவை முற்றும் அடக்குவனவல்லவாதலின், துருவுக்கு ஒரே மாறுதலாற் கடக்கத்தக்க தடையாகவும் இருப்பதில்லை. தனித்து நின்றால் இவற்றின் காவல் போதாது. இத்தகைய நான்கைந்து ஜீன்களை ஒரே செடியில் ஒன்றுகூட்டினாலோ, வயலில் நோயின் சுவடுகூட அரிதாகின்றது. போர்லாக்கும் அவருக்குப் பின் மெக்சிகோவில் உழைத்தவர்களும் பெரிதும் இவ்வழியையே மேற்கொண்டனர். தனி மரம் தோப்பாகாது என்னும் நம் பழமொழி இங்கும் பொருந்துவதே.

ஈண்டு ஒரு சிறு செய்தியையும் குறித்தல் தகும். எஸ். ஆர். 2 உள்ள செடியின் உமியிலும் தண்டிலும் கருநிறக் கறை தோன்றுவதுண்டு. எல். ஆர். 34 உள்ளதன் இலைநுனி சற்றே காய்ந்திருக்கும். அழகிய பயிரையே விரும்பித் தேர்ந்தெடுப்பவன் இக்கறையைக் குறையென்று கருதி அச்செடியைக் களைவானாயின், அதனோடு நெடுங்காலக் காவலையும் களைந்தவனாவான். புறத்தோற்றத்தால் மயங்காத கண் பயிர் வளர்ப்போனுக்கு இன்றியமையாதது.

ஆகவே செய்யத்தக்கன மூன்று. பல ஜீன்களைக் கூட்டிய வகைகளை உண்டாக்குதல் முதலாவது. ஒரு நாட்டில் ஒரே வகையை நிரப்பாது, மண்டலந்தோறும் வேறுபட்ட வகைகளைப் பரப்புதல் இரண்டாவது. புதிய குலம் தோன்றுதலை ஆண்டுதோறும் விழிப்போடு நோக்குதல் மூன்றாவது. இம்மூன்றாம் பணிக்கு மேத்தா வழிகாட்டிய சிம்லா நிலையம் இன்றும் உழைக்கின்றது. நீலகிரியில் வெல்லிங்டனில் உள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் கிளையோ, சமவெளியிற் கோதுமை விளையாத காலத்திலும் பயிர் செய்து, ஓராண்டில் ஒரு தலைமுறையை மிகுதியாகப் பெறுகின்றது. துரு இயற்கையாகவே உறையும் அம்மலையின் தட்பத்தில் வகைகளின் வலிமையையும் சோதிக்கின்றது. நோய்க்கு உறைவிடமான மலையே அதனை வெல்லும் பயிற்சிக்கூடமும் ஆயினமை வியத்தற்குரியது.

நம் கல்லூரி மாணவர்கள் இவ்வரலாற்றினின்றும் கொள்ளத்தக்க பாடம் ஒன்றுண்டு. நம் நாட்டிற்குத் துருவின் வழியைக் காட்டியவர் ஒரு கல்லூரி ஆசிரியர். அவர்க்குத் துணையாயிருந்தவை பெரும் பொருளும் அரிய கருவிகளுமல்ல. கேள்வியை விடாது பற்றிய மனமும், மலையேறச் சலியாத காலுமே. நீலகிரியும் பழனியும் இளைப்பாறச் செல்லும் இடங்கள் மட்டுமல்ல. அங்கே வேலியோரத்திற் தாமே முளைத்த ஒரு கோதுமைச் செடியின் இலையில் செந்தூளைக் காணும் மாணவன், பல நூறு மைலுக்கு அப்பால் உள்ள ஓர் உழவனுடைய அடுத்த ஆண்டுச் சோற்றின் விதியைக் காண்கின்றான். அதனை அறிந்து காண்போர் நம்மிடையே பெருகுவாராக.